மரத்தை அணைத்தவர்களும் கணக்குப் போட்டவர்களும்

காட்டைக் காப்பாற்ற எந்த வழி சரி என்று பேச்சு வந்தால் எனக்கு இரண்டு போராட்டங்கள்தான் நினைவுக்கு வரும்: மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்த இமயமலையின் சிப்கோ, மழைக்காடு ஒன்றை அணைத் திட்டத்திலிருந்து காத்த கேரளத்தின் சைலன்ட் வேலி.

1974 மார்ச் 26, இமயமலையில் உள்ள ரேணி கிராமத்து ஆண்கள் சமோலி ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். கௌரா தேவி ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு காட்டுக்கு ஓடி, இது எங்கள் தாய்வீடு என்று வழிமறித்தார். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் அந்தப் பெண்கள் நகரவில்லை, ராத்திரி முழுக்க மரங்களுக்குக் காவல் இருந்தார்கள். விறகும் தீவனமும் அங்கிருந்துதான் வரவேண்டும், சரிவில் மரம் போனால் வெள்ளம் வரும் என்பதை 1970-இல் அலக்நந்தா ஆற்றில் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

சைலன்ட் வேலியில் அப்படி மறித்து நிற்க உள்ளே ஊரே இல்லை. அந்தக் காட்டில் ஓடும் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம். அறிவியல் பரப்பும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அந்தத் திட்டத்தின் வரவு செலவை அலசி அறிக்கை போட்டு, மக்களிடம் கொண்டுபோய் விளக்கியது, அப்புறம் சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது.

கோடாரி வாசலுக்கு வந்துவிட்டால் சிப்கோ வழிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "அப்போ கரண்டுக்கு என்ன பண்றது?" என்று கேட்கிறவருக்கும் பதில் வைத்திருந்ததால், என் மனம் சாய்வது பரிஷத் பக்கம்.