ஜன்னல் சாத்தியிருந்ததற்கு 18,400 ரூபாய்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஏமாறாதீர்கள்

கரைந்து நாறிப்போன இரண்டு பவளங்களை இப்போதுதான் வாளியில் அள்ளிக் கொல்லையில் புதைத்துவிட்டு வருகிறேன். கையில் இன்னும் வாடை போகவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கூடத்தில் நான்கடித் தொட்டி, இருநூறு லிட்டர் சொச்சம் கடல்நீர், ஒரு ஜோடி கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள். இந்த ஆண்டு கத்திரி வெயில் தாங்காமல் கூடத்துக்கு ஏசி போட்டோம். அன்று சாத்திய ஜன்னல்தான். அதே கூடத்தில்தான் ஐந்து பேரும் படுக்கிறோம். பவளங்கள் காலையில் சோம்பலாக விரிவதைப் பார்த்துவிட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

கடல்மீன்களும் தொட்டிச் சாமான்களும் விற்கும் கடை அது. பெயர் வேண்டாம். உரிமையாளர் டீ வரவழைத்தார், ஊர் விசாரித்தார், டிஜிட்டல் மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.7. எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள். “சார், இன்னும் ஒரு வாரம் விட்டால் ஒன்றும் மிஞ்சாது.” என் வயிறு கலங்கியது. வீட்டில் சோதித்தபோது காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்) அதற்கான அலகில் 8.5 டிகேஎச் இருந்ததே, அது சரியான அளவுதானே என்றேன். சிரித்தார். “அந்தச் சொட்டு மருந்துச் சோதனையை எல்லாம் நம்பாதீர்கள். இனி உங்கள் தண்ணீருக்கு நான் பொறுப்பு.” அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். மூன்று ஆண்டு அனுபவத்தை டீ தம்ளரோடு மேசையில் வைத்துவிட்டேன்.

அதே மீட்டர் 5,600, மருந்தைத் தானாகச் சொட்டும் பம்ப் 8,000, லேபிளே இல்லாத ‘பி.எச். ஏற்றி’ இரண்டு பாட்டில் 4,800. ஆக 18,400 ரூபாய். பில் கேட்டேன். துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார்.

மருந்து விழுந்ததும் பி.எச். ஏறும், விடிவதற்குள் பழைய இடத்துக்கே இறங்கும். போன் செய்தேன். “அளவை இரட்டிப்பாக்குங்கள்.” இரட்டிப்பாக்கினேன். பத்தாம் நாள் தொட்டி நீர்மோர் போல வெளுத்தது, ஹீட்டரிலும் பம்ப்பிலும் சுண்ணாம்புப் படலம். காரத்தன்மை 16 டிகேஎச். தண்ணீரிலிருந்த கால்சியமெல்லாம் படிந்து கல்லாகிக்கொண்டிருந்தது. பவளங்கள் சுருங்கின, பிறகு கரைந்தன.

மறுபடி போன். “உங்கள் உப்பு தரமில்லை சார்.” அடுத்த முறை, “கடலூர்த் தண்ணீரே அப்படித்தான்.” நான் ஊற்றுவது வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர் ஐயா! அதற்குப் பிறகு, முதலாளி சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறாராம். நான்கு நாளாகவா? நேற்று என் எண்ணையே தடை செய்துவிட்டார்கள். தண்ணீருக்குப் பொறுப்பேற்றவர் போனுக்குக்கூடப் பொறுப்பேற்கவில்லை.

நேற்றிரவுதான் மீட்டர் பெட்டியை முழுதாகக் குடைந்தேன். அடியில் அளவு சரிபார்க்கும் கரைசல் பொட்டலங்கள், பிரிக்காமலே கிடந்தன. 7.0 கரைசலில் வைத்தால் மீட்டர் 6.8 காட்டுகிறது! அந்த மீட்டரைத்தான் முதல் நாள் என் முகத்துக்கு நேரே நீட்டினார். தொட்டியின் உண்மையான பி.எச். 7.9-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. பகலில் ஏறி விடியலில் இறங்கும் தொட்டிகளில் 7.8 முதல் 8.4 வரை பயப்பட ஒன்றுமில்லை.

மீட்டரைத் திருத்திவிட்டு, ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்க் காற்றுக்கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழிவிட்டேன். பி.எச். 0.3 ஏறியது. மருந்து ஒரு சொட்டுகூட இல்லை. அடைத்த கூடத்தில் ஐந்து பேர் விட்ட மூச்சின் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகியிருக்கிறது, அவ்வளவுதான். காரத்தன்மை சரியாக இருக்கும்போது மருந்து ஊற்றினால் காரத்தன்மைதான் எகிறும், காற்று மாறாது. ஏசி போட்ட நாள் முதல் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: “மனுஷருக்கே மூச்சு முட்டுகிறது, மீனுக்கு முட்டாதா?” அவருக்கு நான் 18,400 ரூபாய் கடன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மீட்டரைச் சரிபார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். முதலில் தம்ளர் சோதனை. ஜன்னலைத் திறங்கள், முடியாவிட்டால் புரத வடிப்பானின் (காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை வீட்டுக்கு வெளியே நீட்டுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். பொருள்வாரியாக பில் வாங்குங்கள்; என் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுத்தாள், இதை நுகர்வோர் ஆணையத்தில் நீட்டினால் என்ன சொல்வார்கள்?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அந்தப் பம்ப்பையும் மீட்டரையும் தூக்கிக்கொண்டு நேரில் போகிறேன். மிச்சமிருக்கும் ஒன்றரைப் பாட்டிலையும்.