ஆரியங்காவில் புளிசேரியும் சீவாளியும்

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கோயிலருகே சாலையோரச் சாப்பாட்டுக் கடை. மட்டை அரிசிச் சோறும் புளிசேரி என்ற கேரளத்து மோர்க்குழம்பும் அருமை. சாம்பாரில் காயம் தூக்கல். டீயைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

எதிரில் அமர்ந்தவர் மார்கழித் திருக்கல்யாணத்துக்கு வாசிக்க வந்த நாகசுர வித்வான். ஊறுகாயைத் தொடவேயில்லை. “உதடுதானே தம்பி நமக்குச் சோறு போடுகிறது” என்றார். இலையை எடுத்தபின், நாகசுரத்தின் நுனியில் செருகி ஊதும் சீவாளிகளை நூலில் கோத்து வைத்திருந்ததைக் காட்டினார். கொறுக்கை என்னும் நாணல் தட்டையில் செய்தவை. ஒன்றை நாவில் நனைத்து ஊதினார். வெறும் சீவாளி வாத்துபோலக் கத்தும் என்றுதான் நினைத்திருந்தேன். உதட்டழுத்தத்திலேயே மூன்று சுரங்களைச் சுத்தமாகப் பிடித்தார். கல்லாக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார். அறுபதைக் கடந்தும் விடியற்காலைச் சாதகப் பயிற்சியை விடவில்லையாம்.

ஒரு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு புளிசேரி கிடைக்காது.