ஊசி பழக ஜெலட்டின் மாடல்: மூன்று வருட அனுபவம்

பெங்களூரில் மயக்கவியல் டாக்டராக இருக்கிறேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தபடி கழுத்து வெயினில் ஊசி போட ஜூனியர்களுக்குச் சொல்லித்தர, மூன்று வருடமாக அல்சூர் வீட்டு அடுப்பில் நானே மாடல் காய்ச்சுகிறேன். யாரும் முதல் ஊசியை நோயாளி கழுத்தில் குத்திப் பழகக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம்.

முதலில் சிலிகான் ஊற்றிப் பார்த்தேன். தொட்டால் தோல் மாதிரியே இருந்தது, ஆனால் ஒலி உடம்புக்குள் நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்ற கணக்கில்தான் மெஷின் ஆழத்தைக் காட்டும், சிலிகானில் அது சுமார் 1000 மீட்டர்தான், அதனால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வெயினாக வைத்த ட்யூப் மூன்றில் தெரிந்தது. அப்படிக் கை பழகினால் ஆபத்து, விட்டுவிட்டேன்.

ஜெலட்டினில் வேகம் கிட்டத்தட்ட உடம்பைப் போலத்தான். லிட்டருக்கு 120 கிராம் போடுகிறேன், பேக்கரிச் சாமான் கடையில் கிடைப்பதே போதும். ஆனால் வெறும் ஜெலட்டின் திரையில் கறுப்பாக இருக்கும், அதில் ஊசி பளிச்சென்று தெரிந்துவிடும், நிஜ உடம்பு அவ்வளவு சுலபமாகக் காட்டாது. அதற்குத்தான் இசப்கோல் உமி. இரண்டு ஸ்பூன் போட்டால் சதை மாதிரி சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக வரும். சூட்டோடு ஊற்றினால் உமி அடியில் தங்கிவிடுகிறது, அதனால் ஆறிப் பாகு பதம் வரும்வரை கிண்டி, நுரையை வழித்துவிட்டு, மெதுவாக ஊற்றுங்கள், ஒரு குமிழி இருந்தாலும் வெள்ளையாக மின்னி தனக்குக் கீழே இருப்பதை மறைத்துவிடும்.

வெயினுக்கு நீள பலூன், ஆர்ட்டரிக்குக் கெட்டி ரப்பர் ட்யூப், இரண்டிலும் காற்றில்லாமல் தண்ணீர், வெயினில் மட்டும் நீலச் சாயம். போன மாதம் சேலத்து ஜூனியர் பெண் ஒருத்தி ப்ரோபை (மெஷினில் கையால் பிடித்து மேலே வைக்கும் பகுதி) லேசாக அழுத்திவிட்டு, "அக்கா, வெயின் அமுங்குது, ஆர்ட்டரி அப்படியே நிக்குது!" என்றாள். புத்தகத்தில் பத்து தடவை படித்ததுதான், கையில் அன்றைக்குத்தான் ஏறியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் சிரிஞ்சில் நீலத் தண்ணீர்.

குறைகளும் உண்டு. இருபது முப்பது குத்துக்குப் பிறகு ஊசி போன தடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும், உருக்கி மறுபடி ஊற்றினால் போய்விடும், பலூன் மட்டும் புதிது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் பூஞ்சை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவான இடத்தைவிட்டு ஸ்கேன் மெஷினை நினைத்தபடி வெளியே எடுக்க முடியாது, ஆகவே மாடல்தான் டிபன் டப்பாவில் மெட்ரோ ஏறி மெஷினிடம் போகிறது.

ஆர்ட்டரிக்குத் துடிப்பு இன்னும் சரியாக வரவில்லை. ட்யூபின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சிரிஞ்சை மாட்டி அமுக்கிப் பார்க்கிறேன்.