மவுத் கார்டு: கடையில் வாங்குவதா, பல் டாக்டரிடம் செய்வதா, போடாமலே ஆடுவதா?

ஹாக்கி பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கிரிக்கெட் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். பையன் ஹெல்மெட் இல்லாமல் பேட்டிங் பிடிக்கப் போனால் வீட்டில் விடமாட்டார்கள். அதே எடையுள்ள பந்து, சுற்றிலும் எல்லார் கையிலும் ஸ்டிக், இப்படி ஓர் ஆட்டத்துக்கு அதே பையன் வாயில் மவுத் கார்டு, அதாவது பல்லைக் காக்கும் உறை, இல்லாமல் இறங்குகிறான், யாரும் கேட்பதில்லை. முன்னங்காலைக் காக்கும் ஷின் கார்டு போட்டாயா என்று காலைக் குனிந்து பார்க்கிற கோச்சுகளே வாயைப் பார்ப்பதில்லை. முட்டிக்குக் கீழே அடிபட்டால் பத்து நாளில் ஆறும். முன்பல் போனால் திரும்ப முளைக்காது.

சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிகளில் கால், கணுக்கால், வாய் மூன்றுக்கும் பாதுகாப்பு அணியும்படி பரிந்துரை இருக்கிறது. பரிந்துரை மட்டும்தான், கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் பள்ளி அளவிலான ஃபீல்டு ஹாக்கியில் மவுத் கார்டு கட்டாயம். நம் ஊரில் அது வீட்டார் விருப்பம், கோச்சின் விருப்பம் என்று விட்டாயிற்று.

முதலில், போடாமல் ஆடுவது. இதற்குப் பிள்ளைகள் சொல்லும் காரணங்களை ஒதுக்கித் தள்ளக் கூடாது. "மூச்சு வாங்க முடியல சார்", "கத்த முடியல சார்" என்பதெல்லாம் உண்மையான தொந்தரவுதான். பின்னால் நிற்கும் டிஃபன்டர் குரல் கொடுக்காமல் ஆட முடியாது. ஆனால் இந்தப் புகார் பெரும்பாலும் பொருந்தாத கார்டைப் போட்டவர்களிடமிருந்துதான் வருகிறது. வாயில் சரியாக உட்காராததைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டே ஓடினால் பேசவும் வராது, மூச்சும் சீராக வராது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மண் மைதானத்தில் பந்து ஒரு கல்லில் பட்டு எகிறும். செயற்கைப் புல் விரித்த டர்ஃபில் அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் அங்கே வேகம் அதிகம், பந்தைத் தூக்கி ஆடுவதும் அதிகம். பந்தை ஸ்டிக்கால் இழுத்துத் தூக்கி எறியும் டிராக் ஃபிளிக்கில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பந்து வருகிறது. கோவில்பட்டி மாதிரி தெருவுக்குத் தெரு ஹாக்கி ஆடும் ஊரில் பிள்ளைகள் காலையில் மண்ணிலும் மாலையில் டர்ஃபிலும் ஆடினால் இரண்டு ஆபத்தும் சேர்ந்தே வரும்.

பந்தைவிட ஸ்டிக்குக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பந்தைப் பறிக்கக் குனிந்து டேக்கிள் போடுகிறவரின் முகம், எதிராளி ஸ்டிக்கை வீசும் பாதையிலேயே இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் மகளிர் அணி கேப்டன் கேட் வால்ஷுக்கு முதல் ஆட்டத்திலேயே ஸ்டிக் பட்டுத் தாடை உடைந்தது. அறுவை சிகிச்சையில் பிளேட் வைத்துக்கொண்டு, அதே போட்டியில் திரும்பி வந்து வெண்கலமும் வென்றார். அப்படிப்பட்ட அடியை மவுத் கார்டு முழுதாகத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதன் வேலை பல், உதடு, நாக்கு. தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

சரி, எதை வாங்குவது? கடையில் அப்படியே எடுத்து வாயில் போடும் ரெடிமேட் வகை மலிவு. ஆனால் யாருடைய பல்லுக்கும் பொருந்தாது. அதை விட்டுவிடலாம்.

அடுத்தது வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகை. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. இதில் பாதிப் பேர் பொருத்தும்போதே கெடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையில் சொன்ன நொடிக் கணக்குக்கு மேல் ஒரு நொடியும் உள்ளே விடக் கூடாது. அதிக நேரம் கிடந்தால் சுருங்கி, உருவமே மாறிவிடும். எடுத்ததும் கை பொறுக்கும் சூடு வரும்வரை பார்த்து, கண்ணாடி முன் நின்று மேல்பல்லில் வைத்து, உதட்டுக்கு வெளியிலிருந்து விரலால் அழுத்த வேண்டும். உள்ளே நாக்கால் அண்ணத்தை நோக்கி அழுத்தி, உறிஞ்ச வேண்டும். கடிப்பது மெதுவாகத்தான். பிள்ளைகள் பலங்கொண்ட மட்டும் கடித்துவிடுகிறார்கள், கடைவாய்ப் பக்கம் காகிதமாக மெலிந்துபோகிறது. மெலிந்த இடத்தில் பாதுகாப்பும் இல்லை. பிறகு வாயைத் திறந்து பாருங்கள். கடிக்காமலே மேல்பல்லில் நின்றால் சரி, கீழே விழுந்தால் மறுபடி பொருத்துங்கள்.

மூன்றாவது, பல் டாக்டர் அளவு எடுத்து, பிளாஸ்டரில் பல்வரிசையை வார்த்து, அதன்மேல் செய்து தருவது. இதற்குச் சில ஆயிரம் ஆகும். போட்டுக்கொண்டு பேசலாம், தண்ணீர் குடிக்கலாம், எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதும் டாக்டர் கையில் இருக்கிறது. ஒருமுறை இதைப் போட்டுப் பழகியவர்கள் மற்றதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில் இதற்குச் செலவு செய்வது வீண். சில மாதங்களில் பொருந்தாமல் போய்விடும்.

அதனால் என் கணக்கு இதுதான்: பல்வரிசை முழுதாக அமையும்வரை வெந்நீர் வகை, பொருத்தம் தளர்ந்ததும் புதிது. அதன்பிறகு மாவட்ட அளவில், டர்ஃபில் தொடர்ந்து ஆடுகிற பிள்ளைக்கு டாக்டர் செய்தது. எத்துப்பல் இருந்தாலும், பல்லில் கம்பி போட்டிருந்தாலும் எந்த வயதிலும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். முன்னே துருத்திய பல்தான் முதலில் அடி வாங்கும். பல் போனபின் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கலாமே என்றால், தாடை வளர்ச்சி முடியும்வரை டாக்டர்கள் அதை வைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் பல்லை இழந்த பிள்ளை கல்லூரி வயது வரை தற்காலிகப் பல்லோடு காலம் தள்ள வேண்டும்.

கோலுக்கு அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது போடும் முகக்கவசம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். கார்னர் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மீதி நேரமெல்லாம் முகம் திறந்தேதான் இருக்கிறது.

போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழான எல்லா ஆட்டத்திலும், ஷின் கார்டைப் பார்க்கும்போதே அம்பயர் வாயையும் பார்க்கட்டும். வாங்க முடியாத பிள்ளைக்காக மேஜையில் வெந்நீர் வகையில் பத்துப் பெட்டி வாங்கி வையுங்கள். கூடவே ஒரு பால் பாக்கெட்டும் இருக்கட்டும். நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் பக்கத்தைப் பிடித்து, உடனே குழியில் திரும்ப வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட வேண்டும். எப்படியானாலும் அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓட வேண்டும்.