என் நிஞ்சாவின் கிளட்ச் லீவரும் நண்பன் கேட்ட கேள்வியும்

நண்பன் கேட்டது ஒரே வரிதான். "மாப்ள, ஃபேரிங் வெச்ச 650 சிசி பைக் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன், கை நோகாம, பயமில்லாம ஓட்டறதுக்கு எது?" நாற்பத்தாறு வயதில், இடது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவன் கேட்பதால், "எல்லாமே நல்ல வண்டிதான்" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்ட அந்த வாரத்தில் என் கவாசாகி நிஞ்சா 650 கிளட்ச் மூடி கழற்றப்பட்ட நிலையில் பட்டறையில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே நான் நடுநிலையோடு பேசத் தொடங்கினேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியை 2019-இல் கோயம்புத்தூரில் எடுத்தேன். ஷோரூம் விலை ஆறு லட்சத்துக்குள். சாலை வரியும் காப்பீடும் சேர்ந்தபோது ஏழு லட்சத்தைத் தொட்டது. இதுவரை 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 649 சிசி, இரட்டை சிலிண்டர், 68 பிஎஸ் குதிரைத்திறன் என்பதையெல்லாம் இதைப் படிப்பவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். வாங்கும்போது நான் பார்த்தவை வண்ணமும், சைலன்சர் சத்தமும், காலைத் தரையில் ஊன்ற வசதியான 790 மில்லிமீட்டர் இருக்கை உயரமும்தான். விளக்கத் தாளில் "அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச்" என்று ஒரு வரி இருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

கோவைக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் எழும்பி, 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரோடு திறக்கப்படும்வரை, அவினாசி சாலை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தகரத் தடுப்புகளுக்கு நடுவே நெளிந்துகொண்டிருந்தது. லட்சுமி மில்ஸ் சந்திப்பிலிருந்து ஹோப் காலேஜ் வரை முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்து செல்வதுதான் என் அன்றாடம். ஒரு மாலையில் எத்தனை முறை லீவரைப் பிடித்தேன் என்று எண்ண முயன்று, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். இரண்டே விரல்களால் பிடித்தேன் என்பதுதான் இங்கே செய்தி. அதற்கு முன் என்னிடம் இருந்த வண்டி இதைவிடச் சிறியது. அதன் லீவரை நான்கு விரல்களாலும் இழுத்தாக வேண்டும்.

எளிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிளட்சுக்குள் சாய்வாக வெட்டப்பட்ட இரண்டு வகை மேடுகள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஒரு வகை மேடு, எஞ்சினின் விசையைக்கொண்டே, அந்த விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பின் ஒரு பகுதியை அது கவனித்துக்கொள்வதால் ஸ்பிரிங்குகள் கடினமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் இளகினால் லீவரும் இளகும். நேர்மாறாக, வேகமாகப் போகும்போது கியரைச் சட்டென்று குறைத்து, பின்சக்கரம் எஞ்சினை இழுக்கத் தொடங்கினால், இன்னொரு வகை மேடு பிளேட்டுகளைச் சற்றே விலக்கிவிடுகிறது. கிளட்ச் கொஞ்சம் வழுக்குவதால் பின்சக்கரம் தத்தாமல் உருள்கிறது. ஒரே அமைப்பு, ஒரு பக்கம் கைக்குச் சுகமும் மறு பக்கம் உயிருக்குக் காப்பும் தருகிறது.

மறு பக்கத்தை நான் பார்த்தது வால்பாறையிலிருந்து இறங்கும்போது. ஆழியாறுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில், அட்டகட்டியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றாம் கியரில் வந்துகொண்டிருந்தேன். தடுப்புச் சுவரின் மேல் ஒரு வரையாடு நின்றிருந்தது. அது சாலைக்குள் குதிக்குமா குதிக்காதா என்று நான் முடிவு செய்வதற்குள், கீழிருந்து ஓர் அரசுப் பேருந்து வளைவின் உட்புறத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு ஏறியது. பதற்றத்தில் முன் பிரேக்கையும் அழுத்தினேன், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமும் கொடுக்காமல் மூன்றிலிருந்து ஒன்றுக்கும் தட்டிவிட்டேன். ஓட்டுநர் பயிற்சியில் செய்யக் கூடாதது என்று சொல்லித்தரும் காரியம் இது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் முன் பிரேக் லீவரில் துடித்தது. பின்னால் வண்டி ஒரே ஒரு முறை இடுப்பை அசைத்ததுபோல் நகர்ந்து, மீண்டும் நேரானது. பேருந்து போய்விட்டது. ஆடு இருந்த இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய வண்டியில் இதே தவற்றைச் செய்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, சாலையோரத்து மண்ணில் உட்கார்ந்த அனுபவம் இருப்பதால் வேறுபாட்டை என்னால் சொல்ல முடிகிறது.

இனி, வண்டி ஏன் பட்டறைக்குப் போனது என்ற கதை. ஐந்து மாதங்களுக்கு முன் ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன்செட்டை மாற்ற வேண்டியிருந்தது. அவசரத்துக்கு ஒரு பட்டறையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். வேலை முடிந்து வந்த வண்டியில் கிளட்ச் லீவர் கனத்திருந்தது. முதல் வாரம் எனக்கு வயதாகிறது என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் மழையில் கேபிள் துருப்பிடித்திருக்கும் என்று எண்ணி எண்ணெய் விட்டேன். பிறகு நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் முறுக்கும்போது எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் போனது. அப்போதுதான் வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. லீவரை இரு விரல்களுக்கு நடுவே லேசாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹேண்டில்பாரை வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு மெல்லத் திருப்பினார். இடப்புறம் திரும்பத் திரும்ப, லீவரின் நுனியில் இருக்க வேண்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு சுருங்கிக் காணாமல் போனது. "தம்பி, கேபிளு போற வழி இது இல்லீங்களே. யாருங்க கை வெச்சது?" என்றார். கேபிளைத் தாங்கும் கம்பி வளையத்துக்குள் விடாமல், வெளியே சுற்றிக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நேராக ஓட்டும்போதும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஐந்து மாதம் ஓடியிருக்கிறேன். பிளேட் செட், கேஸ்கெட், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம். இரண்டு ரூபாய்ப் பட்டை ஒன்று செய்த வேலை அது. வெட்டி எடுத்த அந்தப் பட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இந்த மனநிலையில்தான் நண்பனுக்காக மற்ற வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினேன். பாதுகாப்பு வசதிகளின் பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டேன். ஏபிஎஸ் இப்போது பெருமைக்குரியதல்ல. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். டிராக்‌ஷன் கண்ட்ரோல் என் 2019 வண்டியில் கிடையாது. நிஞ்சா 650-இன் 2023 மாடலில்தான் அதைச் சேர்த்தார்கள். முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் ஒப்பிட்டு, பின்னது தாறுமாறாகச் சுழன்றால் எஞ்சின் விசையைக் குறைக்கும் ஏற்பாடு அது. ஆறு ஆண்டுகளில் அது இல்லையே என்று நான் வருந்தியது இரண்டே முறை. இரண்டும் பொள்ளாச்சிப் பக்கம், மழையில் ஊறிய தேங்காய் நார்க்கழிவு சாலையில் கொட்டிக் கிடந்தபோது. ஹோண்டா சிபிஆர்650ஆர், டிரையம்ஃப் டேடோனா 660, சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் மூன்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஹோண்டாவில் இன்னொரு சிறிய வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: திடீரென்று கடுமையாகப் பிரேக் போட்டால் எச்சரிக்கை விளக்குகள் தாமாகவே வேகமாகச் சிமிட்டும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேண்டுமென்றால் ஏப்ரிலியா ஆர்எஸ் 660 பக்கம் போக வேண்டும். 183 கிலோ, 100 பிஎஸ், ஆறு அச்சுகளில் அசைவை அளக்கும் உணரி என்று தாளில் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் 2021-இல் இங்கே வந்தபோதே அதன் விலை 13.39 லட்சம். நண்பனிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

செயல்திறனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மூன்று சிலிண்டர் டேடோனா 95 பிஎஸ் தருகிறது. 69 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை நிமிடத்துக்கு 8,250 சுற்றில் வருகிறது என்றாலும், கீழ்ச் சுற்றுகளிலேயே தாராளமாக இழுக்கிறது. நான் ஓட்டிப் பார்த்ததில் ஊருக்குள்ளும் மலையிலும் என் கைக்கு மிகவும் ஒத்துவந்த எஞ்சின் அதுதான். நான்கு சிலிண்டர் சிபிஆர் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும்போது எழுப்பும் ஓசைக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். அந்த ஓசையை ஆசை தீரக் கேட்க வேண்டுமென்றால் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். சுசுகியில் கிளட்ச் பிடிக்காமலே கியரை ஏற்றவும் இறக்கவும் உதவும் குவிக்‌ஷிஃப்டர் வண்டியோடே வருகிறது. டேடோனாவில் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

என் நண்பனின் மணிக்கட்டைப் பொறுத்தவரை குவிக்‌ஷிஃப்டர் பாதித் தீர்வுதான், ஏனென்றால் வண்டி நிற்கும்போதும் புறப்படும்போதும் லீவரைப் பிடித்தே ஆக வேண்டும். ஹோண்டாவின் இ-கிளட்ச் மீதிப் பாதியையும் செய்கிறது. எஞ்சினின் வலப்பக்கத்தில் பொருத்தப்பட்ட இரண்டு சிறிய மோட்டார்கள் கிளட்சை இயக்குகின்றன. கியரைக் காலால் நாம்தான் மாற்ற வேண்டும். லீவரைத் தொட வேண்டியதில்லை. லீவர் அதன் இடத்திலேயே இருக்கிறது, விரும்பினால் பிடித்துக்கொள்ளலாம். தெரிந்தவர் ஒருவர் தன் வண்டியை அரை நாள் ஓட்டக் கொடுத்தார். குறை கண்டுபிடித்தே தீருவது என்ற எண்ணத்தோடுதான் ஏறினேன். முதல் சிக்னலில் முதல் கியரிலேயே, லீவரைப் பிடிக்காமல் வண்டி நின்றபோது, இடது கை தானாகவே லீவரைத் தேடிப் போய் இறுகப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது சிக்னலில் கை தொடையின் மேல் இருந்தது. ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் நண்பனிடம் சொன்னேன்: கியரில் நிற்கும் வண்டியில் சும்மா ஆக்சிலரேட்டரை உறுமவிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அதை முதல் நாளே விட்டுவிட வேண்டும், ஸ்கூட்டரைப்போல அது கிளம்பிவிடும்.

மற்றபடி குறை எதுவும் கிடைக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முப்பது ஆண்டுகளாக என் இடது கை பழகிவைத்திருந்த ஒரு வேலையை, அரை நாளில் இரண்டு மோட்டார்கள் வாங்கிக்கொண்டன.

விலைக்கு வருவோம். 2025 மே மாதம் சாதாரண சிபிஆர்650ஆர் 9.99 லட்சம், இ-கிளட்ச் உள்ளது 10.40 லட்சம், இரண்டும் ஷோரூம் விலை. டேடோனா 2024 ஆகஸ்டில் 9.72 லட்சத்துக்கும், சுசுகி அதே ஆண்டு அக்டோபரில் 9.25 லட்சத்துக்கும் வந்தன. இவை எல்லாம் பழைய வரிக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டியை 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு மேற்பட்டவற்றுக்கு, இழப்பீட்டு வரியோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்ததை 40 ஆக்கினார்கள். பத்து லட்ச ரூபாய் வண்டியில் இந்த உயர்வை முழுமையாக வாங்குபவர் தலையில் வைத்தால் ஏறத்தாழ 69 ஆயிரம் ரூபாய் கூடுகிறது. நல்ல தலைக்கவசம், காற்றுப்பை வைத்த ஜாக்கெட், ஒரு ஜோடி டயர் ஆகியவற்றுக்குப் போக வேண்டிய பணம் அது. பாதுகாப்பு வசதிகள் கூடுதலாக உள்ள வண்டி ஆடம்பரப் பொருளின் வரிசையில் வைக்கப்படுவதை நினைத்தால், நியாயமாகப் பேச வேண்டும் என்ற என் உறுதி தளர்ந்துபோகிறது.

டயரைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியை யாராவது மலிவாகத் தருகிறார்கள் என்றால், டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைக் குனிந்து படித்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு வயதான ரப்பர் மழையில் முன்போலப் பிடிக்காது. அதன் மேல் எத்தனை மின்னணுக் காவல் வைத்தாலும் பயன் குறைவு.

நண்பனுக்கு நான் கொடுத்த பதிலைக் கேட்டால், இதுவரை படித்தவர்கள் என்னைத் திட்டலாம். என் நிஞ்சாவின் கிளட்சை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, டேடோனாவின் எஞ்சினே கைக்கு ஒத்தது என்றும் சொல்லிவிட்டு, இ-கிளட்ச் வைத்த ஹோண்டாவை எடுக்கச் சொன்னேன். கேபிளை யாரோ ஒருவர் தப்பாகக் கட்டியதால் ஐந்து மாதம் நான் பட்ட அவதியை, அறுவை சிகிச்சை செய்த மணிக்கட்டோடு அவன் பட வேண்டாம் என்பது மட்டுமே அப்போது என் மனத்தில் இருந்தது. புதிய பிளேட்டுகளோடு என் வண்டி திரும்பி வந்து, லீவர் மறுபடியும் இரண்டு விரலுக்கு இறங்கிய பிறகு கேட்டிருந்தால், வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தனை லட்சம் எங்கிட்ட இல்ல மாப்ள, உன் வண்டியையே குடுத்துரு, எவ்வளவு?" என்றான். மூன்றரை என்றேன். மறுநாள் காலை பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, அவினாசி சாலை வழியாகவே வீடு திரும்பி, அவனைக் கூப்பிட்டு நான்கரை என்று மாற்றிச் சொன்னேன்.