உயர்த்திய வண்டியின் அதிர்வு: டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவதா, இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் போடுவதா?

வண்டியை 4 அங்குலம் உயர்த்திய மறுவாரமே நெடுஞ்சாலை வேகத்தில் அடித்தளம் அதிரத் தொடங்கியது. டயர்களை இருமுறை பேலன்ஸ் செய்தும் பயன் கிடைக்காததற்குக் காரணம், கோளாறு டயரில் இல்லாததுதான். இதைச் சிறு கணக்கே காட்டிவிடும். 31 அங்குல டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 முறை சுழலும். அச்சின் பல்விகிதம் 4.1 என்றால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (இழுவிசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 46 முறை சுழலும். வண்டி உயர்ந்ததும் ஷாஃப்ட் அதிகம் சாய்வதால், அதன் முனைகளில் வளைந்து சுழலும் இணைப்புகளான ஜாயின்ட்களின் கோணம் கூடும். அந்தக் கோணத்தால் எழும் அதிர்வு ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை, அதாவது நொடிக்கு 92 முறை வரும். கைபேசியின் அதிர்வுமானிச் செயலி என் வண்டியில் காட்டியது 92-ஐ ஒட்டிய எண்ணை. பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் அச்சின் இழுவையில் மட்டும் சிறிது தூரம் ஓட்டியபோது அதிர்வு மறைந்ததால் ஐயமும் நீங்கியது.

தீர்வுகள் இரண்டு. முதலாவது, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் இடையில் ஸ்பேசர் வைத்து அதைச் சுமார் 2.5 சென்டிமீட்டர் இறக்குவது. செலவு குறைவு, அரைநாள் வேலை. இரண்டாவது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் (அடுத்தடுத்து இணைத்த இரு ஜாயின்ட்கள்) கொண்ட ஷாஃப்டைப் போட்டு, அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வைத்து, அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பற்சக்கரமான பினியனை ஷாஃப்டை நோக்கித் திருப்புவது. இதற்குச் செலவு பல மடங்கு. வண்டியை உயர்த்தக் காசு கொடுத்துவிட்டு அடிவயிற்றை மீண்டும் இறக்குவதில் உள்ள முரணை விளக்கத் தேவையில்லை.

நான் இரட்டை ஜாயின்ட்டைத் தேர்ந்தேன், ஆனால் அந்த முடிவைத் தீர்மானித்தது இந்த முரணன்று. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பினியனின் மூக்கு மேலே எழும்புவதுதான். ஒற்றை ஜாயின்ட்கள் இரண்டுள்ள ஷாஃப்டில், முன் ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் அதே கோணத்தில் நின்று ரத்து செய்தாக வேண்டும். நின்ற வண்டியில் இரண்டும் 8 பாகை என்று கோணமானி காட்டினால் மனம் நிறைந்துவிடும். ஆனால் லீஃப் ஸ்பிரிங் இழுவிசையில் முறுகிப் பின் கோணம் 6 ஆனால் மிஞ்சுவது 2 பாகையின் அதிர்வு என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்ற இறக்கம் கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 64-இலிருந்து 36-ஐக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டும். விடை ஏறத்தாழ 5.3 பாகை. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கி, அதனால் அது சாய்ந்த அளவுக்குப் பினியனையும் சரிசெய்து, இரு கோணங்களையும் 6.5-க்குக் கொண்டுவந்தாலும் அதே முறுக்கில் 4.7 மிஞ்சும், அதிர்வு குறையும், போகாது. இரட்டை ஜாயின்ட்டோ தன் ஏற்ற இறக்கத்தைத் தனக்குள்ளேயே பெரும்பாலும் ரத்து செய்துகொள்வதால் பினியனின் கோணம் மட்டுமே கணக்கில் வரும். நிற்கும்போது அதன் மூக்கை 2 பாகை தாழ்த்தி வைத்தால் ஓடும்போது எழும்பிப் பூஜ்யத்தை நெருங்கும். ஆக்சிலேட்டரை மிதித்து ஓடும்போது மிஞ்சுவது பெரும்பாலும் 2 பாகைக்குள் அடங்கிவிடும்.

இதன் குறை பராமரிப்பில் இருக்கிறது. இரு ஜாயின்ட்களுக்கு நடுவேயுள்ள மையப் பந்து காய்ந்தால் கீச்சிடும், பிறகு தேயும். சேறும் நீரும் கடந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஊசிமுனை கிரீஸ் கன்னால் நான் கிரீஸ் ஏற்றுகிறேன். பினியன் அதிகம் நிமிர்ந்தால் அதன் முன் பேரிங்குக்கு ஆயில் எட்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். முன் அச்சில் பினியனைத் திருப்பும் இதே வேலையைச் செய்தால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும் என்பதால் அங்கு இத்தீர்வை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன்.

காயில் ஸ்பிரிங் வண்டி ஒன்றில் மட்டுமே இந்த வேலையில் உதவியிருக்கிறேன். அங்கு இணைப்புக் கைகள் அச்சைப் பிடித்திருப்பதால் முறுக்கு குறைவு. ஆகவே என் கணக்கு அவ்வளவு கடுமையாகப் பொருந்தாது, டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவதே போதுமானதாகவும் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும், புது ஸ்பிரிங் சில வாரங்கள் ஓடிப் படிந்த பின், சக்கரங்கள் தரையில் நிற்கும் நிலையிலேயே கோணத்தையும் ஷாஃப்டின் நீளத்தையும் அளக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்ததால் நான் ஆப்பை இருமுறை மாற்ற நேர்ந்தது.