சாயநீரைத் தெளியவைக்க: தைத்தானியமா, நாகமா?

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குழியும் அதிகம். சாயநூல் கழுவிய நீரை வளவுக்குள் ஊற்றினால் அது சரியாக வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். அந்த நீரை வெயிலாலேயே சுத்தமாக்கத் தைத்தானியம் ஈரொட்சைட்டு, நாக (துத்தநாக) ஒட்சைட்டு என்ற இரண்டு ஒளி ஊக்கிகள், அதாவது ஒளி பட்டால் தாக்கத்தைத் தூண்டும் தூள்கள், போட்டியில் நிற்கின்றன. இனி இவற்றைச் சுருக்கமாகத் தைத்தானியம், நாகம் என்போம்.

வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றே. ஒளி பட்டதும் தூளிலுள்ள இலத்திரன் மேற்பட்டைக்கு, அதாவது உயர்ந்த சக்தி நிலைக்கு, தாவும். அதைக் கரைந்த ஒட்சிசன் பிடித்துக்கொள்ளும். இலத்திரன் விட்டுப்போன இடமான துளை நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம் என்ற, எதனோடும் உடனே தாக்கமுறும் துணிக்கையை உண்டாக்கும். சாயத்தைக் குதறுவதில் அதற்கே பெரும்பங்கு. இலத்திரன் தாவத் தேவையான சக்தி இடைவெளி இரண்டிலும் ஏறத்தாழ 3.2 இலத்திரன் வோல்ற்று என்பதால், வெயிலில் சுமார் 5 சதவீதமான புறஊதா மட்டுமே பயன்படும். இரும்பு ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சும். ஆனால் இலத்திரனும் துளையும் உடனே மீளச் சேர்ந்துவிடும்.

வேறுபாடு மேற்பரப்பு ஏற்றத்தில் இருக்கிறது. தைத்தானியத்துக்குப் பிஎச் (நீரின் அமில, கார அளவு) 6 அளவிலும், நாகத்துக்கு 9 அளவிலும் ஏற்றம் பூச்சியமாகும். அதற்குக் கீழே நேரேற்றம் (+), மேலே மறையேற்றம் (−). பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் மறையேற்றம் கொண்டவை. ஆகவே பிஎச் 7, 8 உள்ள நீரில் நாகம் சாயத்தை இழுக்கும், தைத்தானியம் தள்ளும். முதல் சோதனையில் நாகம் வெல்வது இதனால்தான்.

ஆனாலும் எங்கள் தெரிவு தைத்தானியமே. வன்னீரில் (சுண்ணாம்பு கரைந்த நீரில்) உள்ள இருகாபனேற்று உப்பும் சாயத்தொட்டியில் போடும் சோடாவும் மூலிகங்களை விழுங்கிவிடும். அவற்றை அகற்ற அமிலம் விட்டுப் பிஎச்சை 4 வரை இறக்கவேண்டும் (நுரைக்கும், மெல்ல ஊற்றுங்கள்). அப்போது தைத்தானியம் நேரேற்றம் பெற்றுச் சாயத்தைப் பிடிக்கும். நாகமோ கரைந்து நீருக்குள் போய்விடும்.

சோதிக்க: லீற்றருக்குச் சாயம் 10 மில்லிகிராம், தூள் 1 கிராம். இருட்டில் 30 நிமிடம் கலக்குங்கள். இல்லாவிட்டால் தூளில் ஒட்டிய சாயத்தையும் சிதைந்ததாகக் கணக்கிடுவீர்கள். பிறகு ஆழமில்லாத தட்டில் ஊற்றி உச்சிவெயிலில் வையுங்கள். தூளில்லாத தட்டொன்றும் பக்கத்தில் இருக்கட்டும், சாயம் வெயிலில் தானாகவும் வெளிறும். தூளைக் கூட்டினால் கலங்கி ஒளியை மறைக்கும். காற்றூட்டாவிட்டால், சோதனைக்குப் பயன்படும் மெதிலீன் நீலம் என்ற சாயம் சிதையாமலே நிறமிழக்கும். குலுக்கினால் நீலம் திரும்பும். ஆகவே நிறம் போனபின் மொத்தச் சேதனக் காபனையும் (நீரில் எஞ்சிய சேதனப் பொருளிலுள்ள காபனை) அளவிடுங்கள். அதற்குப் பதிலாக இரசாயன ஒட்சிசன் கேள்வியை (மாசை ஒட்சியேற்றத் தேவையான ஒட்சிசனை) அளந்தால், உப்பு மிகுந்த தொட்டிநீரில் குளோரைட்டால் அளவீடு பிழையாகும்.

நனோத்தூள் இலகுவில் அடியில் படியாது. வேலை முடிந்ததும் பிஎச்சை 6 அளவுக்கு உயர்த்துங்கள்: ஏற்றம் பூச்சியமாகித் துணிக்கைகள் திரண்டு படியும், தெளிந்த நீரை மேலாக வடித்துவிட்டு அதே தூளை அடுத்த தொட்டிக்கு எடுக்கலாம்.